குழந்தையை விளையாட அனுப்பலாமா? பெருந்தொற்றுக் காலத்தில் பெற்றோர் ஒத்துப்போகாதபோது இருக்கும் வழிகள்

நண்பன் வீட்டுக்குப் போய் விளையாடிவிட்டு வரட்டுமா என்று பிள்ளை கேட்கிறது. ஒருவர் "போகட்டுமே, எத்தனை நாளைக்குத்தான் அடைத்து வைப்பது" என்கிறார். இன்னொருவர் "இப்போதைக்கு வேண்டாம்" என்கிறார். 2020, 2021 ஆண்டுகளில் குழந்தைகள் இருந்த வீடுகளில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. பல வீடுகளில் அது பேசித் தீரவில்லை. தொற்று அடங்கியதும் பாதியிலேயே நின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனாவுக்கான அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அடுத்து ஒரு தொற்று வந்தால் அதே இரண்டு பேர் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். பதற்றம் இல்லாத நாட்களில் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அதற்காகத்தான் இருக்கிற வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

"வேண்டாம்" என்பவரைப் பயந்தாங்கொள்ளி என்றும் "போகட்டும்" என்பவரைப் பொறுப்பில்லாதவர் என்றும் நினைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால் எந்த வழியும் பலிக்காது. இரண்டு கவலைக்கும் ஆதாரம் உண்டு. கொரோனா பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசாகத்தான் வந்து போனது. ஆனாலும், தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து இதயம் உட்படப் பல உறுப்புகளில் அழற்சி உண்டாகும் ஒரு நிலை அரிதாகச் சில குழந்தைகளைத் தாக்கியது. குழந்தையிடமிருந்து வீட்டில் உள்ள முதியவர்களுக்குப் பரவுவது அதைவிடப் பெரிய கவலை. வயது கூடக் கூட ஆபத்து வேகமாக ஏறிய நோய் அது.

மறுபக்கமும் லேசானதல்ல. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி மூடிக் கிடந்தது என்கிறது யுனெஸ்கோ. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 29 ஆய்வுகளை, 80,000க்கும் அதிகமான சிறார்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள், ஐவரில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகள். இரண்டுமே தொற்றுக்கு முன் இருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, வீட்டில் இரண்டு பேரும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆளுக்கொரு ஆபத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நோய் யாரைத் தாக்குகிறது என்பது முதலில்

வழிகளுக்குள் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நோய் யாரை அதிகம் தாக்குகிறது? எப்படிப் பரவுகிறது? 1916இல் நியூயார்க்கில் போலியோ பரவியபோது ஏறத்தாழ 9,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். அந்த நேரத்தில் "விளையாடட்டும்" என்று சொல்வதற்கு இடமே இல்லை. 1918 இன்ஃப்ளூயன்சா நல்ல திடகாத்திரமான 20 முதல் 40 வயதுக்காரர்களை, அதாவது பெற்றோர்களையே, அதிகம் கொண்டுபோனது. கொரோனா முதியவர்களை. மூன்று தொற்றிலும் ஒரே குழந்தை, ஒரே நண்பன் வீடு; ஆனால் முடிவு மூன்றிலும் ஒன்றாக இருக்க முடியாது. போன தடவை சரியாக இருந்த விதியை அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவரக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இனி வருவதை, கொரோனா போல் காற்றில் பரவி முதியவர்களை அதிகம் தாக்கும் நோய் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முழுக்க அடைப்பது

யாரும் வர வேண்டாம், யார் வீட்டுக்கும் போக வேண்டாம், பேசுவதென்றால் வீடியோ கால். நோயைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத முதல் சில வாரங்களில் இதுதான் சரி. வீட்டில் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ, மாற்று உறுப்பு பொருத்தியவரோ, பிறந்து சில வாரமே ஆன குழந்தையோ இருந்தால் அதற்குப் பிறகும் சரி. மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காத நாட்களிலும் இதைத் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

இதன் குறை, முடிவு நாள் இல்லாமல் நீள்வது. ஸ்பெயினில் 2020 மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் 26 வரை குழந்தைகள் வீட்டு வாசலைத் தாண்டவே முடியவில்லை. அதற்குப் பிறகும், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு பெரியவரோடு நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டருக்குள் நடந்துவிட்டு வரலாம் என்றுதான் விட்டார்கள். அரசாங்கம் போட்ட அடைப்புக்கே ஒரு தேதி வந்தது. வீட்டுக்குள் பெற்றோர் போடும் அடைப்புக்குப் பெரும்பாலும் தேதியே இருப்பதில்லை. "இரண்டு வாரம், அப்புறம் மறுபடி பார்ப்போம்" என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளையும் காலண்டரில் கோடு போட்டுக் காத்திருக்கும். "எல்லாம் சரியாகட்டும்" என்றால் அது எப்போது என்று அதற்கு எப்படித் தெரியும்?

வீடியோ காலை நண்பனுக்குப் பதிலாக நினைப்பவர்கள் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பையன்கள் இரண்டு பேரைத் திரை முன்னால் உட்கார வைத்தால், கொஞ்ச நேரம் முகத்தைக் கோணலாக்கிக் காட்டுவார்கள், பொம்மையை கேமராவுக்கு முன்னால் ஆட்டுவார்கள். அப்புறம் "வேற என்ன?" "ஒண்ணுமில்ல." ஒருவன் எழுந்து போய்விடுவான், இன்னொருவன் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வயது நட்பு முழுக்கச் சேர்ந்து ஓடுவதிலும் கட்டுவதிலும் இடிப்பதிலும் இருக்கிறது. வீடியோ காலை உருப்படியாக்க வேண்டுமென்றால் கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும்: இரண்டு பக்கமும் ஒரே படத்தை வரைவது, செஸ் ஆடுவது, ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே கதையை வாசிப்பது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதற்கு வேண்டியது, பேசும்போது நாம் அந்த அறையில் இல்லாமல் இருப்பது.

வெளியில் மட்டும்

நண்பர்களைப் பார்க்கலாம், ஆனால் திறந்த வெளியில் மட்டும். என்னைக் கேட்டால், சண்டை போடும் பெற்றோர் முதலில் கைகுலுக்க வேண்டிய இடம் இதுதான். காரணம் காற்று. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு அறைக்குள் இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தது. வந்திருந்த 61 பேரில், உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்று, இருவர் இறந்தார்கள். பிறகு வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, பதிவான தொற்றுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே வெளியிடத்தில் நடந்தன என்றும், அறைக்குள் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 19 மடங்கு அதிகம் என்றும் சொன்னது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறு எந்த ஏற்பாடும் இவ்வளவு மலிவாகத் தராது. "வேண்டாம்" என்பவருக்கு ஆபத்து பெருமளவு குறைகிறது. "போகட்டும்" என்பவருக்குப் பிள்ளை ஓடி விளையாடுகிறது.

இது உடைவது சின்ன விஷயங்களில்தான். விளையாட்டு நடுவில் பாத்ரூம் வருகிறது. தண்ணீர் தாகம் எடுக்கிறது. மழை வருகிறது, நான்கு பேரும் ஒரே வீட்டுக்குள் ஓடுகிறார்கள், போனது போனதுதான் என்று அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். மாலை வீடு திரும்பியதும் சண்டை தொடங்குகிறது. இதையெல்லாம் அனுப்பும் முன்பே பேசிவிட வேண்டும்: தண்ணீர் பாட்டில் கையோடு போகும், பாத்ரூமுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருவராகப் போகலாம், மழை வந்தால் அவரவர் வீடு. மாஸ்க் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2020 ஆகஸ்டில் சொன்னது நல்ல அளவுகோல்: 5 வயது வரை கட்டாயமில்லை, 12 வயதிலிருந்து பெரியவர்களைப் போலவே, இடைப்பட்ட வயதில் சூழ்நிலையைப் பொறுத்து. திறந்தவெளியில் ஓடி மூச்சு வாங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு மாஸ்க் போடச் சொல்லி இரண்டு பெரியவர்கள் மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு குடும்பத்தோடு மட்டும் சேர்ந்துகொள்வது

நியூசிலாந்து 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ஒவ்வொரு வீட்டையும் ஒரு பபிள், அதாவது தங்களுக்குள் மட்டும் நெருங்கிப் பழகும் ஒரு சின்னக் குழு, என்று சொல்லச் சொன்னது. ஒரு மாதம் கழித்து அதை நெருங்கிய உறவினர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் வரை கொஞ்சம் விரிக்க அனுமதித்தது. பெல்ஜியம் மே 10 முதல் ஒவ்வொரு வீடும் நான்கு பேரை, எப்போதும் அதே நான்கு பேரை, வரவேற்கலாம் என்றது. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பதைவிடச் சிலரை முழுமையாகப் பார்ப்பது பாதுகாப்பு. பிள்ளைக்கும் இதுதான் நிறைவு. ஒரே ஒரு நண்பன் என்றாலும் அவன் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு விளையாடலாம். உடன்பிறந்தவர் இல்லாத பிள்ளைக்கு இந்த வழியின் மதிப்பு இன்னும் பெரிது.

ஆனால் இருப்பதிலேயே அதிகப் பேச்சு தேவைப்படும் வழியும் இதுதான். அந்த வீட்டில் நான்கு பேர் என்றால், அந்த நான்கு பேரும் யாரையெல்லாம் பார்க்கிறார்களோ அவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வந்துபோகிற மாதிரிதான். பிள்ளையின் உயிர்த் தோழன் என்பதற்காக மட்டும் அந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெரியவர்களின் பழக்கவழக்கமும் ஒத்துப்போக வேண்டும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்:

"தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுல யார் யார் வேலைக்கு வெளியே போறாங்க?"

"நான் மட்டும்தான். வாரத்துல மூணு நாள்."

"வீட்டுக்கு யாராவது வந்து போறாங்களா?"

"என் தங்கச்சி ஞாயித்துக்கிழமை வருவா. அவ ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா."

இந்தக் கடைசி பதில் வந்ததும் இரண்டு வீட்டாரும் மேலும் ஐந்து நிமிடம் பேசுவார்கள். தங்கை வரும் வாரம் பிள்ளைகள் சந்திக்க வேண்டாம் என்று முடிவாகலாம், அல்லது அவரை வெளியில் உட்கார்ந்து பார்ப்போம் என்று முடிவாகலாம். உண்மையை இப்படிச் சொல்லும் குடும்பத்தை நம்பலாம். எல்லாக் கேள்விக்கும் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று பதில் வந்தால் வேறு குடும்பம் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. கொரோனாவில் தொற்று ஏறி அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆனது, சிலருக்குப் பதினான்கு நாள் வரை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவர்கள் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிட்டார்கள். அதாவது, அவர்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வரும்போது பிள்ளைகள் ஏற்கனவே ஒன்றாக விளையாடி முடித்திருப்பார்கள். எனவே "அவங்களுக்கு வந்தா நமக்கும் வரலாம், வந்தால் அவங்களைக் குறை சொல்ல மாட்டோம்" என்று பெற்றோர் இருவராலும் மனதார முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். ஒருவரால் முடியவில்லை என்றாலும் இந்த வழியை எடுக்காதீர்கள். அந்தக் கசப்பு தொற்றைவிட நீண்ட நாள் இருக்கும்.

ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியாகப் பார்ப்பது

இதுதான் பெரும்பாலானவர்கள் தாமாகவே போய்ச் சேரும் வழி. பிறந்தநாள் அழைப்பு வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தால் அப்போது பார்க்கலாம். பார்க்க நெகிழ்வானதாகத் தெரியும். என் கணிப்பில் இருப்பதிலேயே மோசமானது. ஒவ்வொரு அழைப்பும் ஒரு வழக்கு விசாரணையாகிறது; பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க, உள்ளே தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். யாரிடம் கேட்டால் சரி என்று வரும் எனப் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். எப்போதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர் வில்லனாகிவிடுவார். அவர் சொல்வது நியாயமாக இருக்கும் நாளில்கூட யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் இதை ஓரளவு திருத்திப் பயன்படுத்தலாம். வாரத்துக்கு ஒரு சந்திப்பு. யாரோடு, எங்கே என்பது பிள்ளையின் விருப்பம். திறந்த இடம், நான்கு பேருக்கு மேல் இல்லை என்பது பெற்றோரின் நிபந்தனை. தேர்வு தன் கையில் இருக்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளை ஒளித்துச் செய்வது குறையும்.

ஒருவர் சொல்வதே முடிவு என்று விடுவது

இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை என்றால், கடுமையானவர் பேச்சே நடக்கட்டும் என்று விட்டுவிடுவது உண்டு. ஒரு நிலையில் இதை நான் முழுதாக ஏற்கிறேன்: ஆபத்து அவருடைய சொந்த உடம்பிலோ, வீட்டில் இருக்கும் அவருடைய அம்மா அப்பாவின் உடம்பிலோ இருந்தால். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்ன பிறகு புள்ளிவிவரம் காட்டி வாதாடக் கூடாது.

ஆனால் இரண்டு சொல்லுக்கும் அதனதன் வேலை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்பவர், அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை ஏற்பாடு செய்ய வேண்டும். மாலையில் கூட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டப் போவதோ, வீடியோ காலில் உட்கார்ந்து விளையாட்டு நடத்துவதோ அவர் பொறுப்பு. போகட்டும் என்று சொல்பவர், பிள்ளைக்குத் தொற்று வந்தால் லீவு போட்டு அறைக்குள் அதனோடு இருப்பது தன் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பங்கீட்டைப் பேசத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் குரல் தானாகத் தணியும்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்று பிள்ளையை ரகசியமாகக் கூட்டிப்போவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. தொற்று வந்தால் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் அந்தப் பிள்ளை தவிக்கும்.

பெற்றோர் தனித்தனி வீட்டில் இருந்தால்

பிரிந்து வாழும் பெற்றோருக்கு இது இன்னும் கடினம். இங்கிலாந்தில் ஊரடங்கு தொடங்கியதும், 2020 மார்ச் 24 அன்று, குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் வழிகாட்டுதல் தந்தார்: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இரண்டு பெற்றோரின் வீடுகளுக்கும் போய் வரலாம், போயே ஆக வேண்டும் என்பதில்லை, நிலைமையைப் பார்த்துப் பெற்றோர் முடிவெடுக்கலாம், நேரில் பார்ப்பது தடைப்பட்டால் போன், வீடியோ மூலமாவது தொடர்பு இருக்க வேண்டும். நல்ல வழிகாட்டுதல். பிள்ளை போய் வருகிற வரை அந்த இரண்டு வீடும் வைரஸுக்கு ஒரே வீடுதான். அதனால் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட மூன்று தகவலை மட்டும் செய்தியாக அனுப்பிக்கொள்ள வேண்டும்: இந்த வாரம் பிள்ளை யாரைச் சந்தித்தது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, டெஸ்ட் எடுத்தால் முடிவு என்ன. குற்றச்சாட்டு, அறிவுரை எதுவும் அந்தச் செய்தியில் வேண்டாம். இரண்டு வீட்டிலும் விதி வேறாக இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். தகவல் மறைக்கப்படுவதுதான் ஆபத்து.

நான் எதை எடுப்பேன்

வீட்டில் நோய் ஆபத்து அதிகம் உள்ளவர் இல்லை, பிள்ளைக்கு ஐந்து முதல் பத்து வயது என்றால்: வெளியில் எல்லோரோடும், வீட்டுக்குள் ஒரே ஒரு குடும்பத்தோடு. ஆபத்து உள்ளவர் இருந்தால் வெளியில் மட்டும். தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் முழு அடைப்பு, தேதி குறித்து. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைக்கு அடைப்பினால் இழப்பு குறைவு. அங்கே மூச்சு முட்டுவது பெற்றோருக்குத்தான், அதற்கு உதவிக்கு வரும் ஒருவரை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். பதின்ம வயதுக்கு வாரம் ஒரு சந்திப்பு.

எதை எடுத்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் அந்தப் பேச்சைத் திறக்கக் கூடாது. எது நடந்தால் இறுக்குவோம், எது நடந்தால் தளர்த்துவோம் என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளலாம். மருத்துவமனையில் சேர்பவர் எண்ணிக்கை ஏறுவது இறுக்குவதற்கு. தடுப்பூசி வருவது தளர்த்துவதற்கு. அமெரிக்காவில் 12 முதல் 15 வயதினருக்கு 2021 மேயிலும், 5 முதல் 11 வயதினருக்கு அக்டோபர் கடைசியிலும் தடுப்பூசி அனுமதி கிடைத்தது. அப்படி ஒரு மாற்றம் வந்த பிறகும் பழைய விதியைப் பழக்கதோஷத்தில் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நார்வேயின் அன்றைய பிரதமர் எர்னா சோல்பெர்க் 2020 மார்ச் 16 அன்று குழந்தைகளுக்காக மட்டும் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தி அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பயமாக இருந்தால் தப்பில்லை என்றார். முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு நண்பன்தான் என்றால் யார் வேண்டும் என்று கேட்டால் போதும். நீங்கள் நினைக்காத பெயர் வரலாம்.

கடைசியாக, தொற்று வீட்டுக்குள் வந்துவிட்ட நாளுக்கான ஏற்பாடு. பிள்ளையோடு அறைக்குள் யார் இருப்பது, முதியவர்களோடு யார் இருப்பது, அந்த இன்னொரு குடும்பத்துக்கு யார் உடனே போன் செய்வது என்று மூன்று வேலைக்கும் முன்பே ஆளைக் குறித்து வையுங்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று அன்றைக்கு யாரும் சொல்லப்போவதில்லை என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைக்கு அது கேட்கும். தான் விளையாடப் போனதால்தான் இதெல்லாம் என்று எடுத்துக்கொள்ளும்.